ஈற்றில் இரத்தம்: புரோபயாட்டிக் மாத்திரை போதுமா?

கேள்வி: எனக்கு வயது 47. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். ஓராண்டாகப் பல் துலக்கும்போது ஈற்றில் இரத்தம் வருகிறது. மருத்துவர் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைக் கருவியால் அகற்றுதல்) செய்யச் சொன்னார். செய்தால் பல் ஆடிப்போகும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். ஏற்காட்டில் இருக்கும் என் மைத்துனரோ, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டால் போதும் என்கிறார். அப்படிச் செய்யலாமா? தினமும் தயிர் சாப்பிட்டாலும் அதே பலன் கிடைக்குமா?
– வாசகர் ஒருவர், சேலம்.

பதில்: மாத்திரையை நம்பி ஸ்கேலிங்கைத் தள்ளிப்போடாதீர்கள். மனித வாயில் ஏறத்தாழ 700 வகை நுண்ணுயிரிகள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றால் நமக்குத் தீங்கில்லை. ஈற்றோரத்தில் அழுக்குப் படலம் நீங்காமல் தங்கும்போது ஈறு வீங்கி, பல்லுக்கும் அதற்கும் நடுவிலுள்ள இடுக்கு ஆழமாகிறது. காற்று எட்டாத அந்த இடத்தில் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்கள், வீக்கத்தால் கசியும் புரதத்தையே உணவாகக் கொண்டு பெருகி, வீக்கத்தை மேலும் வளர்க்கின்றன. 1965இல் ஹரால்ட் லோ குழுவினர் டென்மார்க்கில் வெளியிட்ட ஆய்வில், பல் துலக்குவதை நிறுத்தியவர்கள் அனைவருக்கும் மூன்று வாரத்துக்குள் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அது தணிந்தது. படலத்தை அகற்றியதே அங்கு மருந்தாயிற்று.

நல்ல பாக்டீரியாவைச் சேர்க்கலாம் என்ற யோசனை அபத்தமானதன்று. லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரையை ஸ்கேலிங்குடன் சேர்த்துக் கொடுத்த சில ஆய்வுகளில் இடுக்கின் ஆழம் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. வேறு சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை. ஐரோப்பிய ஈறுநோய்க் கூட்டமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, துணைச் சிகிச்சையாகக்கூட இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாக்டீரியா வாயில் நெடுநாள் தங்குவதுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சிலில் உள்ள தாதுக்கள் படிந்து இறுகிவிட்ட காரையை எந்தப் பாக்டீரியாவும் கரைத்துத் தராது; அதைக் கருவியால்தான் எடுக்க வேண்டும்.

பல் ஆடும் என்ற அச்சம் சேலத்தில் மட்டுமன்றி எங்கும் உண்டு. எலும்பு தேய்ந்த பற்களுக்கிடையே காரை முட்டுக்கொடுத்து நிற்பதால், அதை நீக்கியதும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. ஸ்கேலிங் அதை உண்டாக்குவதில்லை.

தயிர் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் வாயில் சில நொடிகளே நிற்கும் அது, ஈற்றின் அடிவரை சென்று வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மருத்துவரிடம் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் இடுக்கின் ஆழத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள்: 3 மில்லிமீட்டர் வரை இயல்பு, அதற்கு மேல் இருந்து இரத்தமும் கசிந்தால் வேரின் பரப்பு வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். கட்டுப்படாத நீரிழிவு ஈறுநோயைத் தீவிரமாக்கும் என்பதால், உங்கள் வயதில் சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம். புகையிலைப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மாத்திரை வேண்டுமென்று தோன்றினால், சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தம் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.