காசு கொடுத்துச் செய்த கம்பெனி வெப்சைட்டின் டிசைன் தேறுமா, தேறாதா? எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் தன் கம்பெனிக்குப் புது வெப்சைட் செய்து வாங்கியிருக்கிறார். டிசைனருக்குக் கடைசித் தவணை பாக்கி. "பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டிசைன் தரமானதா என்று எதை வைத்துச் சொல்வது?" என்கிறார்.

நான் கோவையில் இதே தொழிலில் இருப்பவன். தவணை பாக்கி இருக்கும்போதே கேட்டீர்களே, அதற்கு ஒரு சபாஷ். (அந்த டிசைனர் என்னைத் திட்டுவார். பரவாயில்லை.)

முதலாளி தன் சைட்டைப் பார்ப்பது கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரி. நம்ம முகம் எங்கே என்றுதான் கண் தேடும். வாடிக்கையாளர் ஏதோ ஒரு வேலையாக வருகிறார். அந்த வேலை முடிந்ததா, பாதியில் விட்டுவிட்டுப் போனாரா என்று பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் போர்வெல் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றுக்குச் சைட் செய்து கொடுத்தேன். முகப்பில் ஐந்து படங்கள் ஓடும். தென்னந்தோப்பு, வாய்க்காலில் பாயும் தண்ணீர், சிரிக்கும் விவசாயி (காசுக்கு வாங்கிய படம், அவர் எந்த நாட்டுக்காரர் என்று எனக்கே தெரியாது). மீட்டிங் ஹாலில் பெரிய டி.வி.யில் போட்டுக் காட்டினோம். முதலாளி எழுந்து வந்து கை கொடுத்தார். அன்றைக்கே செக்.

ஆறு மாதம் கழித்து போன் வந்தது. "தம்பி, சைட்டு சூப்பருங்க. பாக்கறவங்க எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா அதைப் பாத்துட்டு ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்களே?"

பொள்ளாச்சிப் பக்கம் அவர்களுடைய டீலர் கடையில் போய் ஒரு நாள் உட்கார்ந்தேன். வந்த மோட்டார் மெக்கானிக் ஒருவரிடம், "அண்ணா, உங்க போன்லயே இந்த சைட்டுக்குப் போயி, 300 அடிக்கு சிங்கிள் பேஸ்ல என்ன மோட்டார் இருக்குன்னு எடுத்துச் சொல்லுங்க" என்று கேட்டேன். கையெல்லாம் கிரீஸ், போன் திரையில் விரிசல், வாசலில் வெயில். முகப்பு முழுசாக வருவதற்குள் கடைக்காரரிடம் பழைய பாக்கியைப் பற்றி ஒரு பஞ்சாயத்தே நடந்து முடிந்தது. வந்ததும் மோட்டார் படத்தைத் தட்டினார். அது வெறும் படம், எங்கேயும் கூட்டிப்போகாது. மறுபடி தட்டப் போனார், அதற்குள் படம் ஓடித் தென்னந்தோப்பு வந்துவிட்டது. மூலையில் மூன்று கோடு போட்ட மெனு ஒன்று இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாகப் பொருட்கள் பக்கத்தைப் பிடித்தால், அங்கே இருந்தது 38 எம்.பி. பி.டி.எஃப். கேட்லாக் ஒன்று.

"இதுக்கு நான் கடைக்கே போன் போட்டுக்கறனுங்க" என்று செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேட்லாக் திறந்திருந்தாலும் பெரிதாகப் பிரயோஜனமில்லை. அதில் ஹெட் (மோட்டார் தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்ற அளவு) எல்லாம் மீட்டரில் இருந்தது. போர் போட்ட தோட்டக்காரருக்கு ஆழம் அடியில்தான் தெரியும். 300 அடி என்றால் ஏறத்தாழ 91 மீட்டர் என்று அவர் ஏன் கணக்குப் போட வேண்டும்? மெஷின் போட வேண்டிய கணக்கு அது. நிறம், எழுத்துரு, ஓடும் படம் எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. டிசைன் என்று நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குப் புரிந்தது.

அதனால் முதல் சோதனை இது. உங்கள் ஆபீசில் போன் எடுப்பவரிடம், கடைசியாக வந்த பத்து விசாரணைகளில் ஆட்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். விலையா, அளவா, டெலிவரி எத்தனை நாளா, எங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்பதா? அவைதான் சைட்டுக்கான வினாத்தாள். உங்களுக்குச் சொந்தமோ சிநேகிதமோ இல்லாத ஐந்து பேரைப் பிடித்து, அவரவர் போனில், அவரவர் டேட்டாவில் அந்தப் பதில்களைத் தேடச் சொல்லுங்கள். "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மரியாதைக்கு "நல்லாருக்குங்க" என்பார்கள். வேலை கொடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள், உதவாதீர்கள். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே பின்னால் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் போதுமா என்றால், வெப்சைட்டை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டார்: ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். என் அனுபவத்தில் சின்ன சைட்டுக்கு மூன்றாவது ஆளிலேயே தலை சுற்ற ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது, வேகம். கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போட்டு, மொபைல் பக்கத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பக்கத்து மதிப்பெண்ணைக் காட்டி யாராவது மார்தட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். மூன்று எண்கள் முக்கியம். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் திரை அசைய வேண்டும். மூன்றாவது, படிக்கும்போது பக்கம் குதிப்பதன் அளவு, அது 0.1-க்குள். 'குதிப்பது' என்றால், நீங்கள் ஒரு பொத்தானைத் தட்டப் போகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் வந்து இறங்கி, விரல் வேறெதிலோ படுமே, அதுதான். உங்கள் சைட்டுக்குப் போதுமான கூட்டம் வந்தால், கடந்த 28 நாளில் நிஜ ஆட்களின் போனில் எப்படி இருந்தது என்பதையும் அதே கருவி மேலே காட்டும். நான்கு வருகையில் மூன்றிலாவது இந்த அளவுக்குள் இருந்தால்தான் பாஸ் போடும். புது சைட்டுக்கு அந்தக் கணக்கு வராது, கீழே இருக்கும் பரிசோதனை மதிப்பெண் மட்டும்தான். 90-க்கு மேல் வந்தால் பச்சை. ஆனால் பச்சையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே ஒரு வரி மட்டும் இருக்கும் வெள்ளைப் பக்கமும் 100 வாங்கும்.

மெதுவாக வருவதற்கு பத்தில் ஒன்பது முறை காரணம் ஒன்றுதான்: கேமராவில் எடுத்த 6 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். அளவைக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வகையில் சேமித்தால் சில நூறு கே.பி.யில் முடிந்துவிடும். இதைச் செய்யாத டிசைனர் மற்றதையும் செய்திருக்க மாட்டார்.

ஓடும் படத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தளத்தில் 2013-இல் ஒருவர் இதைக் கணக்கெடுத்து வெளியிட்டார். முகப்புக்கு வந்தவர்களில் சுழலும் படத்தைத் தட்டியவர்கள் ஏறத்தாழ 1 சதவீதம். அந்த ஒரு சதவீதத்திலும் பெரும்பாலோர் தட்டியது முதல் படத்தை. இரண்டு முதல் ஐந்து வரை உள்ள படங்கள் முதலாளியின் மனத்திருப்திக்கு.

மூன்றாவது சோதனைக்குக் கருவி வேண்டாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாசலில் வந்து நின்று சைட்டைப் படியுங்கள். வெளிர் சாம்பல் எழுத்து ஏ.சி. அறையில் ஸ்டைலாக இருக்கும், வெயிலில் காணாமல் போகும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்ற அளவு. டிசைனர்களுக்கு ரொம்பப் பிடித்த, #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல், வெள்ளையில் 2.85-தான் வரும். உங்கள் வாடிக்கையாளருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தால் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. பொத்தான்களையும் கட்டைவிரலால் தட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி.

சைட்டில் தமிழ்ப் பக்கம் இருக்கிறதா? இருந்தால் அதைத் தனியாக, கோபமாகப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டையில் தமிழைத் திணித்திருப்பார்கள். 'எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்' பொத்தானுக்கு வெளியே வழியும், வரிகளுக்கு இடையே இடம் போதாமல் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். தடித்த எழுத்துக்கான எழுத்துருக் கோப்பைச் சேர்க்காமல் விட்டிருந்தால், பிரவுசர் தானாக மை ஊறின மாதிரி தடிமனாக்கிக் காட்டும். மொழிபெயர்ப்பை மெஷினிடம் விட்டிருந்தால் இன்னும் கூத்து. முகப்புக்குப் போகும் மெனுவில் 'வீடு' என்று இருக்கும். முன்பதிவு செய்யும் பொத்தானில் 'இப்போது புத்தகம்' என்று இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பம்ப் சைட்டில் 'அதிகபட்ச தலை' என்று போட்டிருந்தார்கள், அது ஹெட்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போன் நம்பரைத் தட்டினால் டயல் ஆக வேண்டும், படமாக ஒட்டியிருக்கக் கூடாது. நம் ஊரில் வாட்ஸ்அப் பொத்தான் இல்லாத வியாபார சைட் கதவில்லாத கடை. விசாரணைப் படிவத்தில் பெயர், நம்பர், என்ன வேண்டும், இவ்வளவு போதும். அதை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். யாருமே திறக்காத ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு வருடமாக விசாரணைகள் போய்க் குவிந்துகிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். முகவரிப் பட்டையில் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் உடனே சரிசெய்யச் சொல்லுங்கள், குரோம் 2018 ஜூலையிலிருந்து அப்படிக் காட்டுகிறது. நிஜமான ஃபேக்டரி, நிஜமான ஆட்களின் படம் சுமாராக இருந்தாலும் வாங்கிய படத்தைவிட நம்பிக்கை தரும்.

ஆன்லைனிலேயே விற்கிறீர்கள் என்றால் சட்டமும் உண்டு. 2020-இன் மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாம் சைட்டில் தெரிய வேண்டும். "இன்னும் 2 மட்டுமே" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பது போன்ற 13 தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. டிசைனர் "எல்லாரும் செய்றாங்க சார்" என்றால் எடுக்கச் சொல்லுங்கள்.

டிசைனோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் தவணை கொடுக்குமுன் பாருங்கள்: டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? உங்கள் பெயரில் இல்லையென்றால் முதலில் அதை மாற்றி வாங்குங்கள்.

அந்த மோட்டார் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காசு வாங்காமல் திருப்பிச் செய்து கொடுத்தேன். முகப்பில் மூன்றே கேள்விகள்: எத்தனை அடி, போர் 4 இஞ்சா 6 இஞ்சா, சிங்கிள் பேஸா த்ரீ பேஸா. பதில் சொன்னால் பொருந்தும் மாடல்கள், கீழே பக்கத்து டீலரின் நம்பர். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. போன் வர ஆரம்பித்தது. முதலாளிக்கு மட்டும் ஒரு குறை. "எல்லாஞ் சரிங்க தம்பி, அந்த ஓடற படம் எங்கீங்க போச்சு?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். கடைசியில் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் ஐந்து படங்களையும் ஓட விட்டேன். அந்தப் பக்கத்துக்கு மாதம் முப்பது நாற்பது பேர் வருகிறார்கள். அதில் பாதி அவராகத்தான் இருக்கும்.