கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது

அன்புள்ள அக்காவுக்கு,

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் பதினோரு வருசமா இடம், வீடு முடிச்சுக் கொடுக்கிற புரோக்கர் வேலை பார்க்கிறேன். போன ஆவணியில ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் இடம் பார்க்க வந்தார். நாலு சென்ட்டு. சென்ட்டு நாலு லட்சம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றுங்கிற இ.சி. எல்லாம் சுத்தம். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப் போற நேரத்துல எனக்கு மனசு கேக்கலை. "ஐப்பசி, கார்த்திகையில இங்க முழங்கால் தண்ணி நிக்கும் சார்"னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு போயிட்டார். லே-அவுட் போட்டவர், இனிமே என் சைட்டுல கால் வைக்காதேன்னுட்டார். டீக்கடையில மத்த புரோக்கர்கள், "எங்க பொழப்பையும் சேத்துக் கெடுக்காதே"ங்கிறாங்க. பெரிய வேதனை என்னன்னா, இருபது நாள் கழிச்சு அந்தக் கண்டக்டர் வேற புரோக்கர் மூலமா அதே நகர்ல ரெண்டு பிளாட் தள்ளி வாங்கிட்டார். தையில அஸ்திவாரம் போடுறாராம். அப்போ நான் சொல்லி என்ன பிரயோசனம்?

நாங்க ஒன்பது பேர் சேர்ந்து சங்கம் ஆரம்பிக்கலாம்னு பேசுறோம். அடையாள அட்டை, காலண்டர் தவிர சங்கம் என்ன செய்யலாம்?

கடைசியா ஒண்ணு. வாடகைக்கு ஆள் பிடிக்கும்போது வீட்டுக்காரங்க, "நம்ம ஆளுகளாப் பாத்து விடுங்க"ங்கிறாங்க. போன்ல "நீங்க என்ன ஆளுக"ன்னு கேக்க வேண்டியிருக்கு. நாக்கு கூசுது. என்ன செய்ய?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் கண்டக்டரிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை 1994-இல் எங்கள் அப்பாவிடம் சொல்ல ஆள் இல்லை.

அப்பா மில் தொழிலாளி. பி.எஃப். பணத்தில் முன்பணம் எடுத்து ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் வாங்கினார். பட்டா நிலம்தான். வில்லங்கம் பார்த்தார், மூலப் பத்திரம் பார்த்தார், தெரிந்த வக்கீலிடம் கொடுத்து லீகலும் பார்த்தார். இரண்டு அறையும் ஒரு திண்ணையுமாக வீடு எழும்பியது. குடிபோன மூன்றாம் வருஷம் கார்த்திகையில் இரவு பதினோரு மணிக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. பத்திரங்கள் இருந்த டிரங்குப் பெட்டியை அம்மா கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு இரவு அப்படியே போனது. தண்ணீர் வடிந்த பிறகு மாடு பற்றிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் வாசலில் நின்று சொன்னார்: "இது கண்மாய் நிறைஞ்சா மறுகால் தண்ணி பரவுற தடம், தாயி. இந்த வயல்ல எங்க தாத்தா காலத்துலயே ஐப்பசியில நாத்து நட மாட்டாக." மறுகால் என்றால் கண்மாய் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழி.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்த இடத்தை முடித்துக் கொடுத்த புரோக்கரைப் பார்த்தேன். அதே ஊர்க்காரர். சின்ன வயதில் அந்த மறுகாலில் மீன் பிடித்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சார் கேக்கலையே, தாயி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்பா கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் மில்லில் நூல் பார்த்த மனுஷனுக்கு மறுகால் என்று ஒன்று இருப்பதே தெரியாதே, எதைக் கேட்பார்?

நீங்கள் செய்தது தப்பா என்று கேட்டால், இல்லை. உங்கள் தொழிலின் நடுப்பகுதியே அதுதான் என்று நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வில்லங்கச் சான்று என்ன சொல்லும்? பதிவான கிரயம், அடமானம், செட்டில்மென்ட் இவற்றைச் சொல்லும். பட்டா, நிலம் யார் பேரில் இருக்கிறது என்று சொல்லும். எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் படம் சர்வே எண்ணின் எல்லைக் கோடுகளையும் அளவையும் சொல்லும். இவற்றில் எதுவுமே, பக்கத்துக் கண்மாய் நிரம்பினால் தண்ணீர் எந்தப் பட்டா நிலத்தின்மேல் படுத்துக்கொள்ளும் என்று சொல்லாது. வாய்க்கால் புறம்போக்கு என்றால் சர்க்கார் பதிவேட்டிலேயே பிடிபட்டுவிடும். கண்மாய்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் சட்டமே வந்திருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தபோதும், 2016 அக்டோபர் 20-க்குள் விற்றுப் பதிவான மனைகளுக்கு வழி கொடுத்தார்களே தவிர, நீர்நிலையில் இருப்பவற்றை விலக்கியே வைத்தார்கள். ஆனால் எங்கள் அப்பா வாங்கியது புறம்போக்கு இல்லை. உங்கள் கண்டக்டர் வாங்கியதும் இல்லை. சட்டப்படி சுத்தமான நிலம், தண்ணீர் வரும் நிலம். அந்த இடைவெளியில் ஒரு காகிதமும் உதவாது. அங்கே மழையில் நின்று பார்த்த ஆள் வேண்டும்.

நம்ம ஊரில் அந்த விவரத்தைப் பாதி ஊர்ப் பேரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடச்சனேந்தல் என்கிறோம், ஏந்தல் என்றால் சின்ன நீர்த்தேக்கம். உங்கள் ஒத்தக்கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உலகனேரி. ஊமச்சிகுளம், மாடக்குளம், பீபிகுளம் எல்லாம் அப்படித்தான். வைகையின் தென்கரையில் கிருதுமால் என்று ஒரு நதியே இருந்தது. இன்றைக்குச் சாக்கடை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோம். 2024 அக்டோபர் கடைசியில் ஒரே பகலில் பெய்த மழைக்கு செல்லூரும் பீபிகுளமும் என்ன பாடுபட்டன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். பந்தல்குடி வாய்க்கால் வைகைக்குப் போகிற வழியை மறக்கவில்லை. அதன் கரையில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஒரு கண்மாய் நிரம்பி அடுத்த கண்மாய்க்குப் போகிற சங்கிலி இது. நடுவில் ஒரு கண்ணியின்மேல் நகர் போட்டு, "லட்சுமி" என்றோ "கிரீன்" என்றோ பேர் வைத்துவிட்டால், பழைய பேர் சொல்லிக்கொண்டிருந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

சொல்லியும் வாங்கிவிட்டாரே என்று வேதனைப்படுகிறீர்கள். அவர் சென்ட்டுக்கு நாலு லட்சம் கொடுக்க முடிந்தவர். மேட்டு இடத்தில் ஆறு, ஏழு சொல்லியிருப்பார்கள். அவர் கணக்கு அவருக்கு. எங்கள் அப்பா தெரியாமல் வாங்கினார், இவர் தெரிந்து வாங்கியிருக்கிறார். தெரிந்து வாங்கியவர் பேஸ்மட்டத்தை உயர்த்துவார், கக்கூஸ் தொட்டியை எங்கே வைப்பது என்று யோசிப்பார், கீழ்த்தளத்தில் மர பீரோ வாங்கி வைக்க மாட்டார். அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் உண்டாக்கினீர்கள். அதற்கு நீங்கள் கொடுத்த விலை, அவர் பக்கத்துக் கமிஷன் இரண்டு சதவீதம், 32,000 ரூபாய். அது லேசான தொகை இல்லை. ஒரு பிள்ளையின் வருஷப் பள்ளிக்கட்டணம். உண்மை பேசினால் தொழில் தானாகக் கொழிக்கும் என்று நான் எழுதினால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். சில கிரயங்கள் கை நழுவும். நழுவுகிற அந்தப் பாரத்தை ஒருத்தர் தனியாகச் சுமக்கக்கூடாது. அதனால்தான் உங்கள் சங்கப் பேச்சு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்கு முன்னால் ஒரு சட்ட விஷயம். ரெரா என்று எல்லோரும் சொல்கிற 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் லே-அவுட் போடுகிறவர்களுக்கு மட்டும் என்று பல புரோக்கர்கள் நினைக்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேலே, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு சென்ட்டுக்கு மேலே மனை பிரித்து விற்றால் அந்தத் திட்டம் ரெராவில் பதிவாக வேண்டும். அதில் இடம் முடித்துக் கொடுக்கிற தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும், ஒன்பதாவது பிரிவு. பத்தாவது பிரிவு இன்னும் முக்கியம்: இல்லாததை இருப்பதாகத் தரகர் சொல்லக்கூடாது, வாங்குகிறவருக்குச் சேரவேண்டிய தகவல்களும் ஆவணங்களும் புக்கிங்கின்போதே அவர் கைக்குப் போய்ச்சேர உதவ வேண்டும். ஒன்பது பேரில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறீர்கள்? சங்கத்தின் முதல் கூட்டத்தில் அதைக் கேளுங்கள். காலண்டர் அப்புறம்.

சங்கம் செய்யவேண்டிய வேலை என்று எனக்குத் தோன்றுவது ஒரு நோட்டு. ஒன்பது பேரும் தங்கள் தங்கள் பகுதியை நகர் நகராக எழுத வேண்டும். போன ஐப்பசியில் தண்ணீர் எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை நாள் நின்றது. போர் எத்தனை அடி, தண்ணீர் நல்லதா உப்பா. ரோடு பத்திரத்தில் எத்தனை அடி, தரையில் எத்தனை அடி. மாநகராட்சியா பஞ்சாயத்தா. பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா, குழாய் மட்டும் புதைத்துப் போட்டிருக்கிறார்களா. 2011-இல் மாநகராட்சி நூறு வார்டாக விரிந்தபோது ஆனையூரும் அவனியாபுரமும் விளாங்குடியும் உள்ளே வந்தன. வார்டு எண் வந்த அன்றைக்கே எல்லா வசதியும் வந்துவிடவில்லை என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து போனில் இடம் கேட்கிறவருக்குத் தெரியாது. லே-அவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடம் இன்னும் பூங்காவுக்குத்தான் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று இன்னும் நோட்டீஸ் அடிக்கிறவர்கள் உண்டு. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் ஒரு மனைப்பிரிவை அங்கீகரிக்காது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

நடக்கப்போவதை எழுதாதீர்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டட வேலை தொடங்க 2024 ஆனது. அந்த ஐந்து வருஷமும் "எய்ம்ஸ் அருகில்" என்று சொல்லி எத்தனை சென்ட் கைமாறியது என்று நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் போனோம். இன்றைக்குத் தரையில் இருப்பது மட்டும், தேதி போட்டு, எழுதியவர் பேர் போட்டு. கேட்கிறவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். ஒன்பது பேர் கையிலும் ஒரே நோட்டு இருந்தால், லே-அவுட்காரர் யாரை சைட்டுக்குள் விடாமல் இருப்பார்? உங்கள் கண்டக்டர் விஷயத்தில் இரண்டாவது புரோக்கர் வாயை மூடிக்கொண்டதால்தான் நீங்கள் தனியாகத் தோற்றீர்கள்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிராம சபைக்கும் போகலாம். 2022-இலிருந்து வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கிறது; அதில் ஒன்று நவம்பர் 1. நம்ம பக்கம் மழை பிடிக்கிற நேரம். இன்ன வாய்க்கால் இன்ன இடத்தில் அடைத்திருக்கிறது, தூர் எடுக்க வேண்டும் என்று ஒன்பது புரோக்கர்கள் எழுந்து நின்று தீர்மானம் கேட்டால் ஊர் திரும்பிப் பார்க்கும். விற்றுவிட்டுப் போகிறவர்கள் என்ற பேர் மாற வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வாடகை விஷயம். இதில் எனக்கு இரண்டு யோசனை இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "நம்ம ஆளுகளா" என்று வீட்டுக்காரர் மனதுக்குள் வைத்திருப்பதை வாயால் கேட்டு வாங்கி வந்து கொடுப்பது உங்கள் வேலை இல்லை. கூசுகிற அந்த நாக்கை நம்புங்கள். நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னுடன் வேலை பார்த்த ஒரு பெண், மதுரையில் நான்கு மாதம் வீடு தேடினாள். தெரு பிடித்திருக்கும், வாடகை ஒத்துவரும், அட்வான்ஸ் தயாராக இருக்கும். பேரைச் சொன்னதும் "இப்பத்தான் வேற ஒருத்தர் பேசிட்டுப் போனாங்க" என்று பதில் வரும். பிறகு போனிலேயே கேட்க ஆரம்பித்தார்கள், புரோக்கர்கள்தான். நேரில் வந்து அவமானப்பட வேண்டாமே என்று அது ஒரு உபகாரம் போலச் செய்யப்பட்டது. கடைசியில் ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாள். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். மதுரைக்கு மாற்றல் வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லலாம்: "என்ன வேலை, எத்தனை பேர், வாடகை ஒழுங்காக் குடுப்பாங்களா, முன்னாடி இருந்த வீட்டுல என்ன சொல்றாங்க. இதெல்லாம் விசாரிச்சுச் சொல்றேன் அண்ணே. மத்தது நான் கேக்கிறதில்லை." சிலர் வேறு புரோக்கரிடம் போவார்கள். ஒன்பது பேரும் இதையே சொன்னால் அந்தத் தெருவில் போக வேறு புரோக்கர் குறைவு. சங்கத்தின் விதிகளில் இதை எழுத்தில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். ஒன்பது பேரில் இரண்டு பேர் முரண்டு பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏழு பேரோடு ஆரம்பியுங்கள்.

கண்டக்டர் தையில் அஸ்திவாரம் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கமிஷன் வேறொருவர் வாங்கிவிட்டார், எனக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். அந்த நகரில் மின்கம்பத்திலோ பழைய காம்பவுண்டுச் சுவரிலோ போன வருஷத் தண்ணீரின் கறை இருக்கும். ஒரு நாள் காலையில் அவரையும் அவர் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய் அதைத் தொட்டுக் காட்டுங்கள். பேஸ்மட்டம் அந்தக் கறைக்கு மேலே இரண்டடியாவது ஏறி நிற்கட்டும்.

அன்புடன்,
அக்கா