விளக்கடியில் எழுதுவது

அன்புள்ள ஐயா,

பழைய ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் 'லூக்யுபிரேட்' என்ற வினைச்சொல்லைப் பார்த்தேன். அகராதியில் 'இரவில் கண்விழித்து எழுதுவது' என்று ஒரு பொருள், 'பண்டிதத்தனமாக எழுதித் தள்ளுவது' என்று இன்னொன்று. ஒரே சொல்லுக்கு ஏன் இப்படி இரண்டு?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

முதல் பொருள்தான் மூத்தது. லத்தீனில் 'லூகுப்ராரே' என்றால் விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்வது. ஒளியைக் குறிக்கும் 'லூக்ஸ்' என்ற சொல்லின் உறவு. நாம் 'கண்விழித்து' என்று கண்ணைச் சொல்கிறோம், அவர்கள் விளக்கைச் சொன்னார்கள்.

எழுத்துக்கு மட்டுமான சொல்லும் அல்ல இது. லிவியின் ரோம வரலாற்றில் லுக்ரீஷியா இரவு நெடுநேரம் கம்பளி வேலையில் இருக்கிறாள். சுற்றி உட்கார்ந்து வேலை செய்யும் பணிப்பெண்களுக்கு லிவி போடுவது இதே வினைதான். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். நூல் நூற்பவளுக்கும் நூல் எழுதுபவனுக்கும் ஒரே சொல்!

எழுத்தாளர்களில் ரோமரான மூத்த பிளினியைச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் வரும், நெருப்புக் கடவுள் வல்கனின் திருவிழாவிலிருந்தே அவர் விளக்கேற்றி உட்கார்ந்துவிடுவார், குளிர்காலத்தில் நள்ளிரவை ஒட்டியே எழுந்துவிடுவார் என்று அவருடைய மருமகன் (சகோதரியின் மகன்) ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அங்கேயும் இதே வினை. 'இயற்கை வரலாறு' 37 பாகங்கள் அப்படி வந்தவைதான். அதுபோக, இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் நிரம்பிய 160 குறிப்பேடுகளையும் மருமகனுக்கு விட்டுப்போனார்.

சரி, கேலி எங்கிருந்து வந்தது? விளக்கைச் சொல்லிக் குத்துவது கிரேக்கத்திலேயே உண்டு. ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸின் பேச்சில் விளக்குத்திரி நாற்றம் அடிக்கிறது என்றார் இன்னொரு பேச்சாளரான பைத்தியாஸ். உன் விளக்குக்கும் என் விளக்குக்கும் தெரிந்த சங்கதிகள் வேறு வேறு என்று திருப்பிக் கொடுத்தாராம் டெமாஸ்தனிஸ். வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூடார்க் சொல்வது இது. இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே கதிதான். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியது கனமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில், அதன் பெயர்ச்சொல்லான 'லூக்யுபிரேஷ'னைப் பாதி விளையாட்டாகவே போட ஆரம்பித்தார்கள். 1709இல் ரிச்சர்ட் ஸ்டீல் தொடங்கிய 'டாட்லர்' என்ற லண்டன் இதழின் கட்டுரைகள் தொகுப்பாக வந்தபோது அதுதான் தலைப்பில் நின்றது.

எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. எண்ணெய் ஊற்றி, திரி தூண்டி, கண் எரிய எழுதியவர்களின் சொல் அது. நீங்கள் படித்த கட்டுரையில் எந்தப் பொருளில் வருகிறது? அந்த வரியை அனுப்புங்கள், பார்ப்போம்.