சிறுதொகுப்புக் கிட்களில் சோவியத் ஜெட் விமானங்கள்: கேள்வி பதில்

டி-4, எம்-50, வி.வி.ஏ-14, டியு-128 போன்ற அபூர்வ சோவியத் விமானங்களைப் பிளாஸ்டிக் மாடலாகக் கட்ட நினைப்பவர்கள் கடைசியில் வந்து சேர்வது குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கப்படும் சிறுதொகுப்புக் கிட்களிடம்தான். உக்ரைனின் அமோடல், மோடல்ஸ்விட் போன்ற நிறுவனங்கள் இல்லையென்றால் இவற்றில் பல பெட்டிக்குள் வந்தே இருக்காது. 1/72 அளவில் இவற்றைக் கட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள் கீழே.

கேள்வி: ஐயா, இதுவரை தமியா, ஏர்ஃபிக்ஸ் கிட்கள்தான் கட்டியிருக்கிறேன். இப்போது டி-4 வாங்கியிருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பசை பாட்டிலைத் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு மூன்று அமர்வுகளுக்கு அது தேவைப்படாது.

பெரிய நிறுவனங்கள் கடினமான எஃகு அச்சில், அதிக அழுத்தத்தில் பிளாஸ்டிக்கைச் செலுத்துகின்றன. சிறுதொகுப்புக் கிட்டுக்கு விலை குறைந்த, மென்மையான அச்சு; அழுத்தமும் குறைவு. பிளாஸ்டிக் மூலைவரை ஓட வேண்டும் என்பதற்காகப் பாகங்களையும், பாகம் ஸ்ப்ரூவோடு (பாகங்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டம்) சேரும் இடத்தையும் தடிமனாக வைக்கிறார்கள். இரு பாதிகளைப் பொருத்தும் முளையும் துளையும் பெரும்பாலும் இருக்காது. ஓரங்களில் மெல்லிய பிசிறு இருக்கும். உட்புறத்தில் அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய ஊசிகளின் குட்டித் தூண்கள் நிற்கும்.

ஸ்ப்ரூக்களை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் போகாவிட்டால் பெயின்ட் உரியும். பாகங்களைக் கட்டரால் நறுக்காதீர்கள். இணைப்பு தடிமனாக இருப்பதால் பாகத்தின் ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். மெல்லிய பல் ரம்பத்தால் 2 மி.மீ. தள்ளி அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளில் தேயுங்கள். உட்புறத் தூண்களை முழுதாக எடுத்துவிடுங்கள். இறக்கைப் பாதிகள் ஒட்டாமல் வாய் பிளந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

பிறகு அளவுகோலை எடுங்கள். டி-4இன் இறக்கை அகலம் (ஒரு நுனி முதல் மறு நுனிவரை) 22 மீட்டர், 1/72இல் 305.6 மி.மீ. டியு-128 என்றால் நீளம் 30.06 மீட்டர், அதாவது 417.5 மி.மீ. ஓரிரு மி.மீ. வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இடது இறக்கையும் வலது இறக்கையும் தங்களுக்குள் வேறுபட்டால் மட்டும் இப்போதே சரிசெய்யுங்கள். ஒட்டிய பிறகு வழியில்லை.

கேள்வி: உடலின் இரு பாதிகளைச் சேர்த்தால் மூக்கு சரியாக இருக்கும்போது வால் 1 மி.மீ. விலகுகிறது. நடுவில் படிபோல ஏறி இறங்குகிறது. புட்டி வைத்து நிரப்பிவிடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. புட்டி பள்ளத்தை நிரப்பும், கோணலை நிமிர்த்தாது. இந்தக் கிட்களின் முக்கால்வாசி வேலை இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உங்களுக்கு உருவத்தைக் கொடுக்கும். நேர்த்தியாகச் சேர்ப்பதற்கான ஏற்பாட்டை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

கண்ணாடித் தகட்டின் மேல் 180 எண் உப்புத்தாளை ஒட்டி, ஒவ்வொரு பாதியின் சேரும் விளிம்பையும் அதன்மேல் எட்டு வடிவில் மெதுவாகத் தேயுங்கள். விளிம்பு முழுவதும் ஒரே மாதிரி மங்கினால் சமதளம் வந்துவிட்டது என்று பொருள். அதிகம் தேய்த்தால் உடலின் குறுக்குவெட்டு வட்டத்திலிருந்து நீள்வட்டமாகிவிடும். பத்துப் பதினைந்து உரசலுக்கு ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து நாக்குகள். 0.5 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகட்டில் 5×8 மி.மீ. துண்டுகள் வெட்டி, விளிம்பின் உட்புறத்தில் பாதி வெளியே நீட்டும்படி 25 முதல் 30 மி.மீ. இடைவெளியில், ஒன்று இடது பாதியில், அடுத்தது வலது பாதியில் என்று மாற்றி மாற்றி ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். படி விழுகிற இடத்தில் தாழ்ந்த பக்கத்தை இந்த நாக்கு உள்ளிருந்து தூக்கிப் பிடிக்கும். உடல் உள்ளே அமுங்கும் இடங்களில் 1 மி.மீ. தகட்டில் குறுக்குத் தட்டிகள் வெட்டி நிறுத்துங்கள்.

முழு உடலையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். மூக்கிலிருந்து 5 செ.மீ. ஒட்டி, டேப் கட்டி, இறுகியதும் அடுத்த 5 செ.மீ. லேசாக வளைந்த பாதியும் இப்படிச் சென்றால் நேராகிவிடும். நீளத்தில் மிஞ்சும் 1 மி.மீ. வித்தியாசத்தை வால் முனையில் விடுங்கள். ஜெட்டின் வால் முனை புகைபோக்கி வளையம். தேய்த்துச் சமன்செய்வது எளிது. காக்பிட் பக்கம் தள்ளினால் கண்ணாடி உட்காராது.

கேள்வி: இறக்கையின் பின் ஓரம் 1 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருக்கிறது.

ஒட்டுவதற்கு முன் உட்புறத்திலிருந்து தேயுங்கள். மேற்புறத்தைத் தேய்த்தால் பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறல்கள்) போய்விடும். பாதியின் வெளிப்புறத்தில் இரட்டைப் பக்க டேப்பைச் சுருட்டி ஒட்டிக் கைப்பிடியாக்கி, பின் ஓரத்தில் மட்டும் அழுத்தம் கொடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரம் மங்கலாக ஒளி விடும் நிலையில் நிறுத்திவிடலாம். இரு பாதியும் சேர்ந்து 0.3 மி.மீ. வந்தால் போதும். ஓரம் அலை அலையாகிவிட்டால், 0.13 மி.மீ. தகட்டை இரு பாதிகளுக்கு நடுவே வைத்து ஒட்டி, ஓரத்தை நேராக வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறக்கைக்கும் உடலுக்கும் வெறும் தட்டையான இணைப்புதான். தாங்குமா?

பெரிய முக்கோண இறக்கையைப் பசை மட்டும் தாங்காது. 1.5 அல்லது 2 மி.மீ. பித்தளைக் கம்பியை உடலின் குறுக்கே ஊடுருவி இரு இறக்கைகளுக்குள்ளும் குறைந்தது 20 மி.மீ. செல்லும்படி வையுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஒரே கம்பி என்றால் இறக்கை அதைச் சுற்றித் திரும்பும். துளையைக் கம்பியைவிட அரை மி.மீ. பெரிதாகப் போட்டு அரால்டைட் ஊற்றினால் கோணத்தைத் திருத்த நேரம் கிடைக்கும். வால் முனையிலிருந்து இரு இறக்கை நுனிகளுக்கும் நூல் பிடித்து அளந்து, இரண்டும் சமம் என்று பார்த்த பிறகே கையை எடுங்கள்.

கேள்வி: டியு-128 வாலில் உட்கார்ந்துவிடாமல் இருக்க எத்தனை கிராம் எடை வைக்க வேண்டும்? எம்-50க்கும் தேவையா?

கிராம் எண்ணை யாரிடமும் கேட்காதீர்கள். ஒவ்வொருவர் வைக்கும் புட்டியும் ரெசின் (வார்த்த பிசின்) பாகங்களும் வேறு. நீங்களே கண்டுபிடிக்கலாம். எல்லாப் பாகங்களையும் டேப்பால் கட்டி, பின் சக்கர அச்சு வரும் இடத்துக்குக் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். காக்பிட்டுக்கு முன்னால் சிறு பையைத் தொங்கவிட்டு, மூக்கு இறங்கும்வரை ஈயக்குண்டு போடுங்கள். கணக்காகவும் பார்க்கலாம்: மாடல் 180 கிராம், அதன் எடை மையம் அச்சுக்கு 15 மி.மீ. பின்னால், எடை வைக்கும் இடம் அச்சுக்கு 200 மி.மீ. முன்னால் என்றால், 180×15÷200 = 13.5 கிராம். அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி 18 கிராம் வையுங்கள். பெயின்டும் வால் பக்கப் புட்டியும் பிறகு சேரும்.

ஈயக்குண்டை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஒருபோதும் பதிக்காதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளை உப்பாக்கும்; அது உப்பி, வருடங்கள் கழித்து உடலையே பிளக்கும். அரால்டைட் அல்லது எம்-சீல் பயன்படுத்துங்கள். ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், தேய்த்துத் தூளாக்காதீர்கள்.

எம்-50 வேறு வகை. 1959 அக்டோபர் 27இல் முதலில் பறந்த அந்த விமானத்துக்குச் சைக்கிள் சக்கர அமைப்பு: உடலின் கீழே முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரத் தொகுதி, இறக்கை நுனிப் பக்கம் மெல்லிய துணைச் சக்கரங்கள். எடை மையம் இரு தொகுதிகளுக்கும் நடுவில் விழுவதால் வால் இறங்கும் பிரச்சினை குறைவு. பக்கவாட்டில் சாய்வதுதான் தொல்லை. நான்கு எஞ்சின்களில் இரண்டு இறக்கை நுனியில் இருப்பதால் ஒரு பக்கம் சற்றுக் கூடுதல் புட்டி இருந்தாலும் சாயும். ஆகவே இரு முக்கியத் தொகுதிகளையும் முதலில் ஒட்டி முழுதாகக் காயவிட்டு, மாடலைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தி, இறக்கைகளைச் சம உயரத்தில் முட்டுக்கொடுத்த பிறகு துணைக்கால்களின் நீளத்தை வெட்டுங்கள். கிட்டில் வரும் நீளத்தை நம்பி முன்கூட்டியே ஒட்டினால் ஒரு சக்கரம் காற்றில் தொங்கும். யாக்-25, யாக்-28, யாக்-36க்கும் இதே வரிசைதான்.

மென்மையான பிளாஸ்டிக் கால்கள் இந்த எடையில் நாளடைவில் வளையும். 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியை உள்ளே செலுத்துங்கள், அல்லது காலையே பித்தளைக் குழாயில் செய்துவிடுங்கள்.

கேள்வி: வி.வி.ஏ-14இல் மேலெழுப்பும் எஞ்சின் கதவுகளைத் திறந்து வைத்து, உள்ளே விசிறிகள் செய்யலாமா?

பறந்த விமானத்தைக் காட்டுவதென்றால் கூடாது. அதை வடிவமைத்த பார்த்தினி அதற்கு 12 ஆர்.டி-36-35 எஞ்சின்களைத் திட்டமிட்டார். அவை வந்து சேரவே இல்லை. 1972 செப்டம்பர் 14இல் அது சக்கரங்களில் ஓடி, ஓடுபாதையிலிருந்து சாதாரண விமானம்போலவே எழும்பியது. அப்போது காற்றடைத்த மிதவைகளும் கிடையாது. பின்னாளில் அதை 14எம்1பி என்ற வடிவமாக மாற்றியபோது கெட்டியான மிதவைகளும், மூக்கின் இரு பக்கமும் கூடுதல் எஞ்சின்களும் வந்தன. எந்தக் கட்டத்தைக் கட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாஸ்கோ அருகே உள்ள மோனினோ அருங்காட்சியகத்தில் இறக்கை கழற்றப்பட்டுச் சிதைந்து கிடக்கும் உடலின் படத்தை வைத்து நிறமோ பேனலோ முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: யாக்-38க்குக் கதவுகளைத் திறந்து வைக்கலாமா?

அதில் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. காக்பிட்டுக்குப் பின்னால் இரு மேலெழுப்பும் எஞ்சின்கள், பின்னால் திரும்பக்கூடிய இரு புகைபோக்கிகள். செங்குத்தாக இறங்கும் காட்சி என்றால் முதுகின் பெரிய கதவு திறந்து, அடிக் கதவுகளும் திறந்து, புகைபோக்கிகள் கீழ்நோக்கி, சக்கரங்கள் வெளியே. கதவை மூடிவிட்டுப் புகைபோக்கியைக் கீழே திருப்பிப் பறக்கவிட்டால் தவறு. திறக்கும் கதவின் தடிமனை 0.3 மி.மீ.க்குக் குறையுங்கள். வழக்கமான கடற்படை நிறம் மேலே அடர்நீலம், அடியில் பச்சை.

கேள்வி: எந்தப் புட்டி நல்லது?

இடத்தைப் பொறுத்தது. இணைப்புக் கோட்டுக்கு சூப்பர் க்ளூவும் டால்கம் பவுடரும் சம அளவு குழைத்தது சிறந்தது: சுருங்காது, அதன்மேல் பேனல் கோடு கீறினால் உதிராது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேய்ந்து பள்ளமாகும், புட்டி மேடாக நிற்கும். டியூபில் வரும் கரைப்பான் புட்டியைத் தடிமனாக அப்பினால் மெல்லிய பிளாஸ்டிக் இளகி, வாரங்கள் கழித்து உள்வாங்கும். 1 மி.மீ.க்கு மேற்பட்ட இடைவெளிக்கு ஸ்டைரீன் துண்டைச் செருகிவிட்டுப் பிறகு புட்டியைத் தொடுங்கள்.

தேய்ந்துபோன கோடுகளை டைமோ டேப்பை (லேபிள் அடிக்கும் தடித்த பிளாஸ்டிக் டேப்) வழிகாட்டியாக ஒட்டி ஊசியால் கீறுங்கள். அழுத்தாமல் நாலைந்து முறை. முதல் கீறலிலேயே ஆழம் தேடினால் ஊசி வழுக்கும்.

கேள்வி: ரெசின் பாகங்களும் வெற்றிட முறையில் வார்த்த காக்பிட் கண்ணாடியும் வந்திருக்கின்றன.

ரெசினைப் பிளாஸ்டிக் பசை ஒட்டாது. சூப்பர் க்ளூ அல்லது அரால்டைட். நீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள்; அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதி.

கண்ணாடியின் உட்புறத்தில் களிமண் அல்லது புளூடாக் (பிசைந்து ஒட்டும் மென்பசை) அடைத்துவிட்டு வெட்டுங்கள், நொறுங்காது. புத்தம்புது பிளேடு, லேசான பல கீறல்கள். கோட்டுக்கு அரை மி.மீ. வெளியே வெட்டி, மிச்சத்தைத் தேய்த்துப் பொருத்துங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிகாலே சரி. சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும்.

கேள்வி: டியு-128ஐக் கண்ணாடிபோலப் பளபளவென்று செய்யலாமா?

செய்யாதீர்கள். அலுமினியத்தின் மேல் நிறமற்ற வார்னிஷ் பூசிய விமானம் அது. ஒளி சற்று மழுங்கியே தெரியும். பளபளப்பான கறுப்பு பிரைமரின் மேல் அலுமினிய லாக்கரை மெல்லிய பூச்சுகளாக அடித்து, சில பேனல்களுக்கு மட்டும் சற்று அடர்ந்த சாயல் கொடுத்து, இறுதியில் அரைப் பளபளப்பு வார்னிஷ். உலோக நிறத்தின் கீழே ஒவ்வொரு கீறலும் தெரியும் என்பதால் பிரைமருக்கு முன் 2000 எண் தாள்வரை தேயுங்கள். காக்பிட்டுக்குப் பச்சை கலந்த நீலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா சோவியத் விமானத்துக்கும் அடிக்க வேண்டாம். 1940களின் யாக்-15 போன்றவற்றுக்குச் சாம்பல் நிறம். யாக்-15இன் வால் சக்கரமும் முழு எஃகு. ரப்பர் கறுப்பு பூசக் கூடாது.

கேள்வி: மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடுகிறது.

கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படிகிறது. மெதுவாகக் காயும் தின்னரைச் சேருங்கள், கம்ப்ரஸரில் ஈரம் பிரிக்கும் குடுவை மாட்டுங்கள். பூத்துவிட்டால், காற்று உலர்ந்த நாளில் அந்தத் தின்னரை மட்டும் மிக லேசாக அதன்மேல் அடியுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கேள்வி: டீகாலை (நீரில் நனைத்து ஒட்டும் எண், சின்னங்கள்) எப்படி ஒட்டுவது?

பல தாள்களில் எல்லாக் குறிகளையும் ஒரே மெல்லிய படலம் மூடியிருக்கும். ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டித் தனியே வெட்டுங்கள். தேவையில்லாத ஓர் எண்ணை முதலில் நீரில் போட்டுச் சோதியுங்கள். அது உடைந்தால் தாள் முழுவதற்கும் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, ஒரு நாள் காயவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.