ஸ்டக் பாயிண்ட் எது, எது இல்லை? வாசகர் கேள்விகள்

(ஸ்டக் பாயிண்ட் என்பது கொடுமையான அனுபவத்துக்குப் பிறகு மனதில் சிக்கிக்கொண்டு, மீண்டு வரவிடாமல் தடுக்கும் எண்ணம். அத்தகைய எண்ணங்களை அலசிப் பார்க்கும் காக்னிடிவ் பிராசஸிங் தெரபி என்ற சிகிச்சையில் வரும் சொல்.)

கே: 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஸ்டக் பாயிண்ட் பட்டியலில் எழுதினேன். தெரபிஸ்ட் ஏற்கவில்லை. ஏன்?

ப: பயம் ஓர் உணர்ச்சி. அதைக் கிளப்புகிற எண்ணம்தான் வேண்டும். 'தனியாக வெளியே போனால் மறுபடியும் தாக்கப்படுவேன்' என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்.

கே: 'என்னை அடித்தார்கள்' என்பது?

ப: அது நடந்த விஷயம், அதை யாரும் அலசப்போவதில்லை. 'நான் கத்தாததால்தான் அடித்தார்கள்' என்றால் அது ஸ்டக் பாயிண்ட்.

கே: விபத்துக்கு நீ காரணமில்லை என்று தங்கையிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன். நம்பிக்கையூட்டும் வாசகங்களையும் தினமும் எழுதச் சொல்கிறேன். மாறவே இல்லை.

ப: அந்த வாசகங்களை முதலில் நிறுத்துங்கள். 'நான் வலிமையானவள்' என்று எழுதும்போதே உள்ளுக்குள் 'பொய்' என்று ஒரு குரல் கேட்கும். நம்பவும் முடியவில்லையே என்று இன்னொரு குற்ற உணர்வு சேரும். பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாசகத் தாள்கள் குறைந்தபாடில்லை.

'என் தப்பு' என்ற எண்ணம் அவளுக்கு ஒரு வேலை செய்கிறது. தப்பு தன்னுடையது என்றால், அடுத்த முறை தடுத்துவிடலாம் அல்லவா? அதை விட்டால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் கெடுதல் வரலாம் என்பதை ஏற்கவேண்டும். அது இன்னும் பயங்கரம். அதனால்தான் நீங்கள் மறுக்க மறுக்க அவள் இறுக்கிப் பிடிக்கிறாள். இன்று தெரிந்ததை அன்றே தெரிந்திருந்ததாக வைத்துத் தனக்குத் தானே தீர்ப்பும் எழுதுகிறாள்.

நல்ல தெரபிஸ்ட் வாதாட மாட்டார், கேட்பார்: அந்த நொடியில் உனக்கு என்ன தெரியும்? யோசிக்க எவ்வளவு நேரம் இருந்தது? வேறு வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதில் அவள் வாயிலிருந்தே வரவேண்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள், போதும்.

கே: இ.எம்.டி.ஆர். (கண்களை இருபக்கமும் அசைத்தபடி வேதனையான நினைவைக் கையாளும் சிகிச்சை) அமர்வில் எதிர்மறை நம்பிக்கையைக் கேட்டார்கள். 'அவர் துரோகி' என்றேன். தவறா?

ப: அது அவரைப் பற்றியது. அந்தக் காட்சியை நினைக்கும்போது, இப்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது? 'நான் கையாலாகாதவன்' என்பது போல. வேதனைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். அதற்குப் பதிலாக நீங்கள் விரும்பும் நம்பிக்கை எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்பதற்கு 1 முதல் 7 வரை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கே: காக்னிடிவ் பிராசஸிங் தெரபியில் நடந்ததை விலாவாரியாகச் சொல்லியே ஆகவேண்டுமா?

ப: இல்லை. விரிவாக எழுதாத வடிவமும் உண்டு, அதுவும் பலன் தருகிறது. மொத்தம் 12 அமர்வு போல வரும். வீட்டுப்பாடத்தை மட்டும் தவிர்க்காதீர்கள். துணையில்லாமல் நினைவுகளைக் கிளறவும் வேண்டாம்.

கே: ஸ்டக் பாயிண்ட்டைக் கண்டுபிடிக்கச் சுலப வழி?

ப: 'எப்போதும்', 'ஒருபோதும்', 'எல்லாரும்', 'யாருமே' வருகிற வாக்கியங்களில் தேடுங்கள். 'யாரையுமே நம்பக்கூடாது' என்பது அடிக்கடி அகப்படும்.

கே: நெகட்டிவ் எண்ணம் நிறைய வருது. தீர்வு சொல்லுங்க.

ப: என்ன நடந்தது, எப்போது, சிகிச்சையில் இருக்கிறீர்களா? எதுவுமே எழுதவில்லை. விவரமாக மறுபடி எழுதுங்கள். உயிரை விடும் எண்ணம் இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவரிடம் போங்கள்.