பெடலும் புத்தகமும்

அன்புள்ள அக்கா,

திண்டுக்கல்லிலிருந்து எழுதுகிறேன். வயது 38. டிஜிட்டல் பியானோ பழகுகிறேன். ஊரில் ஆசிரியர் கிடைக்காததால் இணையத்தில் ஒருவரிடம் வாரம் ஒரு வகுப்பு. காலால் மிதித்து ஒலியை நீட்டும் பெடலைப் பற்றிக் கேட்டால், ‘அது புத்தகம் படித்து வருவதில்லை, காது பழகினால் தானாக வரும்’ என்கிறார். நான் பெடலுக்கென்றே எழுதப்பட்ட மூன்று புத்தகங்கள் வாங்கி, பஸ்ஸில் போகும்போது இரண்டை முடித்துவிட்டேன். ஆனாலும் பீத்தோவனின் ‘மூன்லைட் சொனாட்டா’வின் முதல் பகுதி என் காலில் ஒரே கொழகொழப்பு. எந்தப் புத்தகத்தை முதலில் பிடித்துக்கொள்வது? நடுப் பெடல் எதற்கு? இந்த வயதில் இதெல்லாம் வருமா?

கு.

அன்புள்ள கு.,

வயதைப் பற்றி இனி எனக்கு எழுதாதீர்கள். நடுப் பெடலையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அழுத்தும் நேரத்தில் எந்தக் கட்டை கீழே இருக்கிறதோ அதன் ஒலியை மட்டும் பிடித்துவைக்கிற ஏற்பாடு அது. பியானோ தயாரிக்கும் ஸ்டெயின்வே நிறுவனத்தார் 1874-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். பீத்தோவன் அது இல்லாமலேதான் எழுதினார்.

உங்கள் ஆசிரியர் சொன்ன அந்த ‘தானாக வரும்’தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அதன் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதையேதான் சொன்னார். நல்ல மனிதர். என் விரல்களுக்காக அவ்வளவு பாடுபட்டார். கால் என்று வந்தால் மட்டும் ‘கேளு, நல்லா கேளு’ என்பார். எதைக் கேட்பது என்று சொல்லமாட்டார். நான் கார்டை (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில்) அடிக்கிற அதே நொடியில் பெடலையும் மிதிப்பேன். முந்தைய கார்டின் மிச்சம் புதியதோடு ஒட்டிக்கொண்டு நாராசமாக வரும். அவர் முகம் சுளிப்பார். அவ்வளவுதான் பாடம்.

அப்புறம் ஒரு நூலகத்தில் அட்டை கிழிந்த பழைய பெடல் புத்தகம் கைக்குக் கிடைத்தது. அதில் ஒரு பயிற்சி. ஒரே விரலால் சி என்ற ஸ்வரத்தை அடி. ஒலி காதில் விழுந்த பிறகு பெடலை மிதி. இப்போது கையை எடுத்துவிடு, ஒலி நிற்கும். அதே விரலால் அடுத்த ஸ்வரமான டி-யை அடி. விரல் இறங்கும் அதே கணத்தில் கால் மேலே வந்துவிட வேண்டும். டி சுத்தமாக, தனியாகக் கேட்கிறதா? கேட்ட பிறகுதான் மறுபடி மிதி. கை இறங்கும்போது கால் ஏற வேண்டும், விஷயம் இவ்வளவுதான். ஒற்றை விரலால் வாசித்தும் ஸ்வரங்கள் இடைவெளி இல்லாமல் சேர்ந்து வந்தன. அன்றைக்கே கால் வழிக்கு வந்துவிட்டது. இந்த நாலு வரியை அவர் வாயால் சொல்லியிருக்கக் கூடாதா?

மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் ஹாஃப் கிளட்சில் நிறுத்துவதும் காலின் வேலைதான். டிரைவிங் ஸ்கூல்காரர் ‘தானா வரும்’ என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பாரா? ‘மெதுவா விடு, வண்டி லேசா அதிரும், அங்கேயே பிடி’ என்பார். அரைப் பெடலையும் அப்படிச் சொல்லலாம். கம்பிமேல் அமர்ந்து ஒலியை அடக்குபவை டேம்பர்கள், பெடலை மிதித்தால் அவை எழும்பும். அவை கம்பியை முழுசாக விடாமலும் முழுசாக அமுக்காமலும் உரசி நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நிறுத்தினால் கனத்த பாஸ் (கீழ் ஸ்வர) கம்பிகள் அதிர்ந்துகொண்டே இருக்கும், மெல்லிய மேல் கம்பிகள் சீக்கிரம் அடங்கும். இதில் என்ன ரகசியம் இருக்கிறது? சொல்லிவிட்டால் வித்தைக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள்தான் இதைப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள்.

காது மட்டும் போதும் என்பவர்களுக்கு உங்கள் மூன்லைட்டே பதில். 1802-ல் அச்சான அந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே, டேம்பர்களைத் தூக்கியபடி முழுவதையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பீத்தோவன். அந்தக் காலத்து வியன்னா பியானோவில் கம்பி மெல்லிசு, ஒலி சட்டென்று தேய்ந்துவிடும். டேம்பரைத் தூக்குவதுகூட பல கருவிகளில் முழங்காலால்தான். இன்றைக்கு, இரும்புச் சட்டத்தில் முறுக்கேற்றிய கம்பிகளோடு 274 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கச்சேரிப் பியானோவில் சொன்னதைச் சொன்னபடி செய்து பாருங்கள், உங்கள் கொழகொழப்புதான் வரும். அவருடைய மாணவர் செர்னியே 1840-களில், பாஸ் ஸ்வரம் மாறும்போதெல்லாம் பெடலையும் மாற்றச் சொல்லி எழுதிவிட்டார். இதையெல்லாம் எந்தக் காது தானாகக் கண்டுபிடிக்கும்? யாராவது எழுதிவைத்து, யாராவது படித்தால்தான் உண்டு.

ஆனால் தம்பி, பஸ்ஸில் படித்தேன் என்கிறீர்களே, அது என்ன படிப்பு? ஜன்னலோரம் உட்கார்ந்து படித்து முடிக்கிற சமாசாரமா பெடல்? மூன்று புத்தகம் வாங்கியதை எழுதியவர், கார்டு விழும்போது உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. எந்தப் பெடல் வைத்திருக்கிறீர்கள் என்றும் இல்லை. கருவியோடு சேர்த்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி மாதிரிப் பெடல் என்றால் பெரும்பாலும் அது வெறும் சுவிட்ச். போடலாம், அணைக்கலாம், நடுவில் ஒன்றும் கிடையாது. அதை வைத்துக்கொண்டு அரைப் பெடல் அத்தியாயத்தில் கோடு போட்டுப் படித்து என்ன லாபம்? உங்கள் கருவியின் கையேட்டில் ஹாஃப் பெடல் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கான பெடலை வாங்குங்கள். நாலாவது புத்தகம் வேண்டாம்.

எந்தப் புத்தகம் முதலில் என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? மூன்றில் எதில் பயிற்சி அதிகமோ அது. பியானோ ஸ்டாண்டில் விரித்துவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் தரையை விட்டு எழாமல், ஒரு பத்தி படித்ததும் நிறுத்தி அதைக் காலால் செய்து பாருங்கள். மூன்லைட்டின் முதல் இரண்டு பாரில் (நோட்டில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்டது ஒரு பார்) இடது கை ஒவ்வொரு முறைதான் இறங்குகிறது, மூன்றாவது பாரில் இரண்டு முறை. அந்த மூன்றாவது பாரில் உங்கள் கால் என்ன செய்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.