துடுப்பும் துப்பாக்கியும்

அன்புள்ள அண்ணா,

நாகர்கோவில் கூட்டத்தில் நீங்கள் ஜெனீவா ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். போருக்கும் விதிகள் உண்டு, ஆயுதம் ஏந்தாதவரைத் தாக்கக் கூடாது என்றீர்கள். என் அப்பா பஹ்ரைனில் ஓர் அரபு முதலாளியின் விசைப்படகில் மீன்பிடிக்கிறார். வளைகுடாவில் ஏவுகணைகள் பறந்த நாட்களில் அம்மா இரவு முழுவதும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா போனில் வந்தபோது நீங்கள் பேசியதைச் சொன்னேன். "மேலே பறக்கிறவனுக்கு நான் மீன்காரன் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2012இல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டுக் கொன்றார்கள். அப்போது இந்த விதிகள் எங்கே போயின? யாரும் மதிக்காத ஒரு சட்டத்தை நாம் ஏன் படிக்க வேண்டும்? கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
சின்னத்துறை

அன்புள்ள தம்பிக்கு,

கோபத்துக்கு மன்னிப்பு வேண்டியதில்லை. உங்கள் கேள்வியைப் பிறகு எடுக்கிறேன். அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் போர்ச் சட்டம் முழுவதும் அந்த ஒரு கேள்வியின்மேல்தான் நிற்கிறது.

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணைப் பார்த்திருப்பீர்கள். 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவு அது. அந்தப் போரைப் பற்றி நம் கரையில் ஒரு கதை உண்டு. மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரை நெடுக வரிசையாக நின்றார்களாம். கப்பலில் இருந்த டச்சுக்காரர்கள் அதைத் துப்பாக்கிப் படை என்று எண்ணி மிரண்டார்களாம். சிறுவயதில் இதைக் கேட்டு எவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறேன்! இப்போது அதே கதை என்னைக் கலங்க வைக்கிறது. துடுப்பு ஒருமுறை துப்பாக்கியாகத் தெரிந்துவிட்டால், அடுத்த முறை வரும் கப்பல் கரையில் தெரியும் ஒவ்வொரு துடுப்பையும் குறிவைக்கும்.

1907இல் ஹேக் நகரில் கூடிய அரசுகள் இதை நன்றாக உணர்ந்திருந்தன. கரையோரம் மீன்பிடிக்கும் படகுகளை, அவற்றின் வலையோடும் மீனோடும், போரில் பிடிக்கக் கூடாது என்று அங்கே எழுதிக்கொண்டார்கள். படகு போரில் எந்த வகையிலாவது பங்கெடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அத்தோடு நிறுத்தவில்லை. மீன்படகின் சாதுவான தோற்றத்தைப் பயன்படுத்தி அதைப் போர்க் காரியத்துக்கு அனுப்பமாட்டோம் என்றும் அரசுகள் ஒப்புக்கொண்டன. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மீனவனை எதிரி சுடக் கூடாது என்றால், சொந்த அரசும் அவனை உளவுக்கு அனுப்பக் கூடாது.

அப்படியும் மேலே இருப்பவனுக்குச் சந்தேகம் வந்தால்? 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 50ஆம் பிரிவு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. ஒருவர் பொதுமக்களில் ஒருவரா, படையைச் சேர்ந்தவரா என்ற ஐயம் எழுந்தால், அவரைப் பொதுமக்களில் ஒருவராகவே கருத வேண்டும். நான் மீன்காரன் என்று நிரூபிக்கும் சுமையை உங்கள் அப்பாவின் தலையில் சட்டம் ஏற்றவில்லை. விசையை அழுத்தப் போகிறவன்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டும். உறுதியில்லையென்றால் அழுத்தக் கூடாது. அப்பாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

இந்தியா நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களையும் 1950இல் ஏற்றது, 1960இல் அவற்றுக்காகத் தனிச் சட்டமும் இயற்றியது. ஆனால் இந்த 1977 நெறிமுறையில் இன்றுவரை சேரவில்லை. இவ்வளவு மீனவர்களைக் கடலுக்கு அனுப்பும் ஒரு நாடு, ஐயத்தின் பலனை மீனவனுக்குக் கொடுக்கும் ஏட்டில் கையெழுத்திடாமல் இருப்பது எனக்குத் தீராத வருத்தம். நம் மாவட்டத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் துறைமுகம், கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு கேட்கிறோம். இதையும் கேட்க வேண்டும்.

2012க்கு வருகிறேன். அந்த பிப்ரவரி 15 அன்று எந்தப் போரும் நடக்கவில்லை, ஆகவே போர்ச் சட்டம் அங்கே பொருந்தாது. ஆனால் அமைதிக் காலத்தில் சுடுவதற்கு இருக்கும் உரிமை போர்க்காலத்தைவிடக் குறைவு. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் சுடலாம். எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படையினர், படகைக் கடற்கொள்ளையர் படகு என்று எண்ணியதாகச் சொன்னார்கள். துடுப்பு மறுபடியும் துப்பாக்கியாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேர் இறந்தார்கள். 2020இல் வந்த பன்னாட்டு நடுவர் மன்றத் தீர்ப்பு, சுட்டவர்களை இந்தியாவில் விசாரிக்க முடியாது என்றது, இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அது நீதியா என்று கேட்டால், இல்லை என்றே நானும் சொல்வேன். இறந்தவர்களின் வீட்டார் குற்றவியல் விசாரணையை எதிர்பார்த்தார்கள். அவர்களுக்குக் காசோலை வந்தது.

இனி உங்கள் கேள்வி. யாரும் மதிக்காத சட்டம் என்கிறீர்கள். நான் 1898க்குப் போகிறேன். ஸ்பெயினோடு போர் தொடங்கிய அமெரிக்கா கியூபாவின் கரையை முற்றுகையிட்டிருந்தது. ஹவானாவிலிருந்து தொழிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பாக்கெத்தே ஹபானா, லோலா என்ற இரண்டு பாய்ப்படகுகளை அமெரிக்கக் கடற்படை பிடித்தது. ஒன்றில் 3 பேர், மற்றதில் 6 பேர். சந்தைக்கு உயிரோடு கொண்டுவந்த மீன் மட்டுமே இருந்தது, ஆயுதம் இல்லை. போர் மூண்டதே படகுக்காரர்களுக்குத் தெரியாது. லோலாவை ஒரு கப்பல் நிறுத்தி, ஹவானாவுக்குப் போகாதே, வேறு துறைக்குப் போ என்றது. சொன்னபடியே திரும்பிய படகை மறுநாள் இன்னொரு கப்பல் பிடித்துக்கொண்டது. நம் மீனவர்களுக்கு இந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டு படகுகளும் ஏலத்தில் 490 டாலருக்கும் 800 டாலருக்கும் விலைபோயின.

1900 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் நாட்டுக் கடற்படைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படகுகளைப் பிடித்தது தவறு, ஏலப் பணத்தையும் நஷ்டஈட்டையும் படகுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றது. அப்போது ஹேக் ஒப்பந்தம் பிறக்கவே இல்லை. நீதிபதிகள் பழைய வழக்கத்தைத் தேடிப் போனார்கள். 1403இல் இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றி தன் தளபதிகளுக்கு இட்ட ஆணைவரை போனார்கள். அரசர்கள் மோதிக்கொண்டபோதும் எதிரி நாட்டு மீனவனைத் தொடாமல் விட்டுவந்த வழக்கம் நூற்றாண்டுகளாக ஊறி, சட்டமாகவே ஆகிவிட்டது என்றார்கள். தம்பி, அந்தச் சட்டத்தின் வேர் எளிய மனிதர்களின் கடலில் இருக்கிறது. அதை நாமே படிக்காமல் விட்டால், மீறுகிறவர்களுக்கு எவ்வளவு வசதி!

அப்பாவின் நிலைமைக்கு இந்த வழக்கில் இன்னொரு பயன் இருக்கிறது. லோலா மெக்சிகோவின் யுகடான் கரைப்பக்கம்வரை போய் மீன்பிடித்த படகு. இருந்தும் அதைக் கரையோரப் படகாகவே நீதிமன்றம் ஏற்றது. ஆனால் திமிங்கில வேட்டைக்கும் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கும் அந்த விலக்கை நீட்டவில்லை. ஆகவே பெரிய ஆழ்கடல் விசைப்படகு, போரிடும் நாட்டின் கொடியோடு போனால், எதிரி அதை நிறுத்திச் சோதிக்கலாம், பிடித்தும் கொள்ளலாம். பிடிப்பது வேறு, தாக்குவது வேறு. போரில் பங்கெடுக்காத எந்தப் படகின்மீதும் குண்டு போடச் சட்டம் இடம் தரவில்லை. படகின் கொடி எது, பதிவுத்தாள் எங்கே என்று அப்பா தெரிந்துவைத்திருக்கட்டும். இரவில் விளக்கை அணைக்க வேண்டாம். நிறுத்தச் சொன்னால் நிறுத்தட்டும், ஓட வேண்டாம். யார் என்ன கூலி தந்தாலும் மீனும் பனிக்கட்டியும் தவிர வேறு பொதியை ஏற்ற வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். 1949இன் இரண்டாம் ஜெனீவா ஒப்பந்தம் கடற்போரைப் பற்றியது. சண்டை முடிந்ததும் காலதாமதம் செய்யாமல் கடலில் தவிப்பவர்களைத் தேடி மீட்க வேண்டும், இறந்தவர்களையும் தேட வேண்டும் என்கிறது அதன் 18ஆம் பிரிவு. எதிரிப் படையினர் உட்பட. 2017 நவம்பரில் ஓக்கி புயல் அடித்த பிறகு நம் கரையில் பெண்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேடச் சொல்லி ரயில் தண்டவாளத்தில் அமர்ந்தோம். உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. பகைவனின் பிணத்தையும் தேடச் சொல்லும் ஒரு வரியை அந்த நாட்களுக்குப் பிறகு என்னால் வெறும் காகிதம் என்று நினைக்க முடியவில்லை.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அப்பா அடுத்தமுறை கரை ஏறியதும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்